குளூயினோ சோடியும் கூடுதல் ஜெட்டும்: கணக்குப் பிசகினால் எங்கே பார்ப்பது

வந்தாறுமூலையில் படிக்கிற ஒரு தங்கச்சி போன மாதம் இரவு பத்து மணிக்கு அழைத்தாள். "அக்கா, குளூயினோ சோடியோட ஒரு ஜெட்டைச் சேர்த்ததும் குறுக்குவெட்டு நாலு மடங்கு ஏறிட்டு. என்ன பிழை எண்டு விளங்குதில்ல." குளூயினோ என்பது மீச்சமச்சீர்க் கோட்பாடு ஊகிக்கிற, குளுவானின் இணைத் துணிக்கை. ஜெட் என்பது மோதலில் ஒரே திசையில் பாய்கிற துணிக்கைக் கற்றை. குறுக்குவெட்டு என்பது ஒரு வினை நடக்கும் வாய்ப்பின் அளவு. அதே கிழமை கல்முனைத் தம்பி ஒருவர் ஒரு வரைபை அனுப்பியிருந்தார். ஒழுங்காக இறங்கி வந்த வளைகோட்டின் நடுவில் கரண்டியால் தோண்டியதுபோல ஒரு பள்ளம். இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை வைத்துக்கொண்டு யோசித்தேன். நானும் இதே பிழைகளைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் நாட்கணக்காக அலைந்தவள்தான். இனி வருகிற பிள்ளைகளாவது அந்த நாட்களை மிச்சம் பிடிக்கட்டும் என்று, என்ன தெரிகிறதோ அதை வைத்துத் தேடுகிற மாதிரி எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது வழக்கமான ஓட்டம். மோதல் வினையைக் கணக்கிட்டு நிகழ்வுகளை உருவாக்குகிற மேட்கிராஃப் நிரலில் இரண்டு குளூயினோ. அதனுடன் பூச்சியம், ஒன்று, இரண்டு கூடுதல் பார்ட்டன்கள், அதாவது குவார்க் அல்லது குளுவான்கள். அதை, பிறகு நடக்கிற கதிர்வீச்சையும் சிதைவையும் போலச்செய்கிற பித்தியா 8 நிரலுக்குக் கொடுத்து எம்எல்எம் முறையில் பொருத்துகிறோம், அதாவது ஒரே ஜெட் இரண்டு தடவை எண்ணப்படாமல் இரண்டையும் இணைக்கிறோம். பிறகு, கண்டுணர்கருவியைப் போலச்செய்கிற டெல்ஃபிஸ். மோதல் சக்தி 13 டிஇவி, அதாவது 13,000 ஜிஇவி. ஸ்குவார்க் (குவார்க்கின் மீச்சமச்சீர் இணை), ஸ்டாப் (டாப் குவார்க்கின் இணை) என்று எதை எடுத்தாலும் பிழைகள் இதே இடங்களில்தான் ஒளிந்திருக்கும்.

கூடுதல் ஜெட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருகிற எல்லாப் பிழைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. பித்தியா செய்கிற பார்ட்டன் ஷவர் என்பது மென்மையாகவும், பிறந்த துணிக்கையின் திசையை ஒட்டியும் போகிற கதிர்வீச்சுக்கு நல்ல கணக்கு. கடினமான, விலகிப் போகிற ஜெட்டுக்கு அது வெறும் மதிப்பீடு. ஆயிரம் ஜிஇவி திணிவுள்ள சோடியை உருவாக்கும்போது நூறு இருநூறு ஜிஇவி உந்தமுள்ள ஜெட் சாதாரணமாக வரும். அதைத் தனி ஷவரிடம் விட்டால், ஷவரை எந்த அளவில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை பல மடங்கு மாறும். பிளென், ரெயின்வாட்டர், ஸ்கான்ட்ஸ் மூவரும் 2005இலேயே ஸ்குவார்க், குளூயினோ உற்பத்தியைக் கூடுதல் ஜெட்டுகளுடன் கணக்கிட்டு இதைக் காட்டினார்கள். ஆகவே கடினமான ஜெட்டுக்கு, வினையின் வரைபடங்களிலிருந்து மேட்கிராஃப் நேரே செய்கிற மேட்ரிக்ஸ் எலிமென்ட் கணக்கு, மென்மையானதுக்கு ஷவர். நடுவில் ஒரு வரம்பு.

வரம்பு என்று சொன்னதும் எனக்குச் சம்மாந்துறைப் பக்கத்து வயல்தான் நினைவுக்கு வரும். இந்தப் பக்கம் ஒருவர் அறுக்கிறார், அந்தப் பக்கம் மற்றவர். வரம்பு எது என்று இருவருக்கும் ஒரே எண்ணம் இருந்தால் எந்தக் கதிரும் இரண்டு களத்துக்குப் போகாது, எதுவும் வயலில் நிற்காது. நம் ஓட்டத்தில் அறுக்கிறவர்கள் மூன்று பேர்: மேட்ரிக்ஸ் எலிமென்ட், ஷவர், துணிக்கையின் சிதைவு. எந்தப் பிழை வந்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்த ஜெட் யாருடைய கணக்கில் இருக்கிறது?

குறுக்குவெட்டு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வருகிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. எளியதிலிருந்து தொடங்குவோம்.

முதலில், எந்த எண்ணைப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். மேட்கிராஃப் ஓடி முடிந்ததும் திரையில் காட்டுகிற எண் பொருத்துதலுக்கு முந்தியது. அதில் பூச்சியம், ஒன்று, இரண்டு ஜெட் மாதிரிகள் எல்லாம் அப்படியே கூட்டப்பட்டிருக்கும். ஒரே நிகழ்வு பல தடவை எண்ணப்பட்ட நிலை அது. பித்தியா வேண்டாததை விலக்கியபின் தருகிற எண்தான் உங்களுடையது. அது ஜெட் இல்லாத ஓட்டத்தின் குறுக்குவெட்டுக்குக் கிட்ட, பத்து இருபது சதவீத வித்தியாசத்துக்குள் இருந்தால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம். கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேரின் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, திணிவுகள் உண்மையில் மாறினவா? மேட்கிராஃபின் எம்எஸ்எஸ்எம் என்ற மீச்சமச்சீர் மாதிரியுருவுடன் வருகிற, துணிக்கைகளின் திணிவும் அகலமும் எழுதியிருக்கிற பராம் கார்ட் கோப்பு, எஸ்பிஎஸ்1ஏ என்ற பழைய எடுத்துக்காட்டுப் புள்ளி. அதில் குளூயினோ ஏறக்குறைய 608 ஜிஇவி, கருவிக்கு அகப்படாமல் தப்பிப் போகிற நியூட்ராலினோ 97 ஜிஇவி. நீங்கள் 1,500 என்று எழுதிய கார்ட் வேறு கோப்புறையில் கிடக்க, ஓட்டம் இந்த 608ஐ எடுத்திருந்தால் எண் ஆகாயத்துக்குப் போகும். நிகழ்வுக் கோப்பின் தலைப்பகுதியைத் திறந்து, குளூயினோவின் அடையாள எண்ணான 1000021க்கு நேரே என்ன திணிவு எழுதியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். கார்டை நம்ப வேண்டாம், நிகழ்வுக் கோப்பை நம்புங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஸ்குவார்க்கின் திணிவு குளூயினோவைவிடக் கூட என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குளூயினோவும் ஒரு ஜெட்டும் வருகிற வரைபடங்களை மேட்கிராஃப் தேடும்போது, ஒரு குளூயினோவும் ஒரு ஸ்குவார்க்கும் பிறந்து, அந்த ஸ்குவார்க் ஒரு குவார்க்காகவும் குளூயினோவாகவும் உடைகிற வரைபடமும் அதற்குள் வந்துவிடும். அந்த ஸ்குவார்க் தன் சொந்தத் திணிவிலேயே, உண்மையான துணிக்கையாகப் பிறக்க முடியும். இது கூடுதல் ஜெட் அல்ல, வேறு ஓர் உற்பத்தியின் சிதைவு. நீங்கள் குளூயினோ–ஸ்குவார்க் உற்பத்தியைத் தனியே ஓட்டி, சிதைவைப் பித்தியாவிடம் விட்டிருந்தால் அதே ஜெட் அங்கேயும் எண்ணப்பட்டிருக்கும். இரண்டு ஜெட் மாதிரியில் ஸ்குவார்க் சோடியே முழுதாக உள்ளே வந்துவிடும். குளூயினோ கூடிய திணிவு என்றால் கதை அப்படியே திரும்பும்: ஸ்குவார்க் சோடியும் ஜெட்டும் என்கிற கணக்குக்குள் குளூயினோ நுழையும்.

இதுதானா என்று அறிய ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பராம் கார்டில் ஸ்குவார்க்கின் அகலத்தை (அது எவ்வளவு விரைவாக உடைகிறது என்பதன் அளவை) மட்டும் பாதியாக்கி, ஒரு ஜெட் மாதிரியைத் திரும்ப ஓட்டுங்கள். குறுக்குவெட்டு ஏறக்குறைய இரண்டு மடங்காகினால் சந்தேகமே வேண்டாம். ஒத்திசைவுப் பகுதியின் பங்களிப்பு, பகுதி அகலத்தை மொத்த அகலத்தால் வகுத்த விகிதப்படி போகிறது. பகுதி அகலத்தைப் பிணைப்பு மாறிலிகள் தீர்மானிக்கின்றன, அது மாறாது. மொத்த அகலத்தை மட்டும் உங்கள் கார்டிலிருந்து எடுக்கிறது. அதனால்தான் திணிவை மாற்றிவிட்டு அகலத்தைப் பழைய எண்ணிலேயே விட்டவர்களுக்கும் விசித்திரமான விடைகள் வருகின்றன. அகலம் இருக்கும் இடத்தில் 'ஆட்டோ' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதினால் மேட்கிராஃப் தானே கணக்கிடும். அகலம் பூச்சியமாக இருந்தாலோ தொகையீடு ஒரு முடிவுக்கு வராமல் எண் தாவிக்கொண்டே இருக்கும்.

இதற்குப் பரிகாரம், உற்பத்தி வரியின் கடைசியில் ஒற்றை டாலர் குறி போட்டு ஸ்குவார்க்குகளின் பட்டியலைக் கொடுப்பது. அது ஸ்குவார்க்கின் திணிவைச் சுற்றிய ஒரு சன்னலை மட்டும் மூடும். சன்னலின் அரை அகலம், ஓட்டத்தின் அமைப்புகளை எழுதுகிற ரன் கார்டில் உள்ள பிரெய்ட்–விக்னர் எல்லைப்படி, வழக்கமாக அகலத்தின் 15 மடங்கு. சாய்கோடு போட்டு ஸ்குவார்க்கை முழுதாக அகற்றுகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் மோதி குளூயினோ சோடி வருகிற கணக்கில் ஸ்குவார்க் பரிமாறப்படுகிற வரைபடமும் உண்டு. சாய்கோடு அதையும் சேர்த்து வெட்டிவிடும், பிறகு வருவது குளூயினோ உற்பத்தியே அல்ல. இரட்டை டாலர் குறியும் தேவைக்கு மேல் வெட்டும், ஒற்றைக் குறியே போதும். எல்லா ஸ்குவார்க்கையும் எட்ட முடியாத உயரத்தில், 10 டிஇவிக்கு மேலே வைத்த எளிமைப்படுத்திய மாதிரியுருவில் வேலை செய்தால் இந்தத் தலையிடி அடியோடு இல்லை.

வந்தாறுமூலைத் தங்கச்சியின் கணக்கில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருந்தன. குளூயினோவின் திணிவை மாற்றியிருந்தாள், ஸ்குவார்க்கை விட்டுவிட்டாள், அகலங்கள் எஸ்பிஎஸ்1ஏயிலேயே நின்றன.

வரைபில் பள்ளம் அல்லது புடைப்பு

பொருத்துதல் சரியா என்று பார்க்க மொத்தக் குறுக்குவெட்டு மட்டும் போதாது. வேறுபாட்டு ஜெட் வீத வரைபுகளைப் போட வேண்டும். ஒரு நிகழ்வு ஒரு ஜெட்டிலிருந்து பூச்சியத்துக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு மாறுகிற அளவின் மடக்கையைக் கிடை அச்சில் வைத்து, பூச்சியம், ஒன்று, இரண்டு பார்ட்டன் மாதிரிகளின் பங்கை வெவ்வேறு நிறத்தில் காட்டுகிற வரைபு அது. வரம்பு விழுகிற இடத்தில் ஒரு நிறம் இறங்கி மற்றது ஏறும். கூட்டுத்தொகை மட்டும் வழுவழுப்பாக, தையல் தெரியாமல் போக வேண்டும்.

பள்ளம் என்றால் யாரும் அறுக்காத துண்டு ஒன்று இருக்கிறது என்று பொருள். கல்முனைத் தம்பியின் கார்டில் இரண்டு எண்கள் தலைகீழாக இருந்தன. மேட்கிராஃப் பார்ட்டன்களை உருவாக்கும்போது வைக்கிற வெட்டு எக்ஸ்கியூகட். பித்தியா பொருத்தும்போது பார்க்கிற அளவு கியூகட். இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடக் கூட இருக்க வேண்டும். மேட்கிராஃபுடன் இணைந்து ஓடும்போது பித்தியா ஒன்றரை மடங்கைத் தானாக எடுக்கும். இவர் எக்ஸ்கியூகட்டை 150 ஆக ஏற்றிவிட்டு, கியூகட்டைப் பழைய கார்டில் இருந்த 100இலேயே விட்டிருந்தார். 100க்கும் 150க்கும் இடையில் மேட்ரிக்ஸ் எலிமென்ட் ஒன்றையும் தரவில்லை. ஷவர் தந்ததை, 100க்கு மேல் இருக்கிறதே என்று பித்தியா விலக்கிவிட்டது. பள்ளம் சரியாக அந்த இடத்தில்.

பள்ளத்துக்கு இன்னொரு காரணம், ரன் கார்டில் ஜெட்டுகளுக்கு இடையிலான தூரத்துக்கு 0.4 என்ற வெட்டு அப்படியே கிடப்பது. பொருத்தும் ஓட்டத்தில் அது பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றையொன்று ஒட்டிய ஜெட்டுகள் மேட்ரிக்ஸ் எலிமென்டிலிருந்து வராமலே போகும். புதிய பதிப்புகள் இவற்றில் பலவற்றைத் தாமே கவனித்துக்கொள்கின்றன. ஆனால் நம்மில் பலர் மூத்தவர் யாரோ கொடுத்த பழைய ரன் கார்டை நகலெடுத்துத்தான் தொடங்குகிறோம்.

புடைப்பு வந்தால், ஒரே துண்டை இரண்டு பேர் அறுக்கிறார்கள். பித்தியாவைத் தனியாக ஓட்டுகிறவர்கள் உச்ச ஜெட் எண்ணிக்கையைக் கையால் எழுத வேண்டும். இரண்டு பார்ட்டன் வரை உருவாக்கிவிட்டு ஒன்று என்று எழுதினால் இரட்டை எண்ணிக்கை. மூன்று என்று எழுதினால் வேறு விதமான நோய்: இரண்டு பார்ட்டன் மாதிரியையும் பித்தியா இறுக்கமாக விலக்கும், மூன்றாவது ஜெட்டே வரம்புக்கு மேல் வராது, வால் சட்டென்று அறுந்து நிற்கும். உச்ச மாதிரி மட்டும்தான் மேலதிக ஜெட்டை ஷவரிடமிருந்து வாங்க அனுமதி பெற்றது.

பி குவார்க்கையும் மறக்க வேண்டாம். ஜெட் என்ற சொல்லுக்குள் பி குவார்க்கைச் சேர்த்தால், ரன் கார்டில் உள்ள உச்ச ஜெட் வகை எண்ணும் பித்தியாவில் உள்ள எண்ணும் இரண்டும் ஐந்தாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஐந்து, மற்ற இடத்தில் நாலு என்று வைத்தால் பி குவார்க் வெட்டுக்கு அகப்படாமல் நழுவும்.

வரம்பை எங்கே வைப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். டாப் சோடிக்கு 20, 30 ஜிஇவி என்று படித்துவிட்டு அதையே 1,500 ஜிஇவி குளூயினோவுக்கும் வைக்கிறார்கள். இது பிழை. வரம்பு, நடக்கிற வினையின் அளவைப் பார்த்து வைக்க வேண்டியது. எல்எச்சி மோதலாக்கியில் ஆய்வு செய்கிற அட்லஸ் குழு தன் மீச்சமச்சீர் மாதிரிகளில், சிகேகேடபிள்யூ–எல் என்ற இன்னொரு பொருத்தும் முறையில், பொருத்தும் அளவைத் துணிக்கையின் திணிவில் நாலில் ஒரு பங்காக வைக்கிறது. எம்எல்எம் முறையில் நான் அதைவிடக் கொஞ்சம் கீழே தொடங்குவேன். மிகக் கீழே வைத்தால் உருவாக்கிய நிகழ்வுகளில் பெரும்பகுதி விலக்கப்பட்டு நேரம் வீணாகும். மிக மேலே வைத்தால் கடினமான ஜெட்டுகள் திரும்ப ஷவரின் கையில்.

நீங்கள் வைத்த எண் சரியா என்பதற்கு நான் யாருடைய வாக்கையும் எடுக்கமாட்டேன். கியூகட்டைக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் மூன்று தடவை பித்தியாவை மட்டும் ஓட்டுங்கள். மேட்கிராஃபைத் திரும்ப ஓட்ட வேண்டியதில்லை, எக்ஸ்கியூகட்டுக்கு மேலே இருக்கும்வரை அதே நிகழ்வுக் கோப்பு போதும். மொத்தக் குறுக்குவெட்டும், முதல் ஜெட்டின் குறுக்கு உந்த வரைபும் பெரிதாக அசையவில்லை என்றால் அந்த எண் நல்ல எண். அசைந்தால் அந்த அசைவை உங்கள் நிச்சயமின்மையில் சேர்த்து எழுதுங்கள்.

பத்தாயிரம் நிகழ்வு கேட்டேன், மூவாயிரம்தான் மிஞ்சியது

இது நோயல்ல. விலக்குவதுதான் பொருத்துதலின் வேலை. பாதிக்கும் கீழே வந்தாலும் பதற வேண்டாம், கூடுதலாக ஓட்டுங்கள். நூறில் ஒன்றிரண்டுதான் மிஞ்சுகிறது என்றால் எக்ஸ்கியூகட்டைப் பாருங்கள், அது மிகத் தாழ்வாக இருக்கும்.

சிதைவில் வந்த ஜெட்டுகள் குறைகின்றன

சோடியின் ஒவ்வொரு குளூயினோவும் இரண்டு குவார்க்காகவும் நியூட்ராலினோவாகவும் உடையும்போது நாலு ஜெட் வர வேண்டும். சிலருக்கு அவற்றில் மெல்லியவை காணாமல் போகின்றன. அவர்கள் இறுதித் துணிக்கைகளை மட்டும், நாலு ஜெட்டும் இரண்டு நியூட்ராலினோவும் என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். அப்போது மேட்கிராஃபுக்கு அவை எல்லாமே சாதாரண ஜெட். எக்ஸ்கியூகட் அவற்றையும் வெட்டும். குளூயினோ தன் திணிவிலிருந்து விலகிப் பிறந்தால் தாய்த்துணிக்கையின் பெயர் நிகழ்வுக் கோப்பில் எழுதப்படாது. பித்தியாவும் சிதைவு ஜெட்டைக் கூடுதல் ஜெட் என்று எடுத்துக்கொள்ளும்.

முதலில் குளூயினோ சோடியை உருவாக்குங்கள், காற்புள்ளி போட்டுச் சிதைவை எழுதுங்கள், அல்லது சிதைவைப் பித்தியாவிடமே விடுங்கள். நான் பெரும்பாலும் இரண்டாவதைச் செய்கிறேன். பராம் கார்டின் சிதைவு அட்டவணையைப் பித்தியா படிக்கும். சிதைவுப் பொருட்களுக்கும் வெட்டு வைக்கவா என்று ரன் கார்டில் ஒரு வரி இருக்கிறது. அது 'இல்லை' என்றே இருக்கட்டும்.

அந்த அட்டவணை காலியாக, அகலம் பூச்சியமாக இருந்தால் குளூயினோ உடையாமலே நிற்கும். நிறமுள்ள, அதாவது வலிய விசைக்கு உட்படுகிற, ஒரு துணிக்கை உடையாமல், குவார்க்குகள் சேர்ந்து ஹட்ரனாகும் கட்டத்துக்கு வந்தால் பித்தியா பிழைச்செய்தி காட்டி நிகழ்வுகளைத் தள்ளிவிடும். நீண்ட ஆயுள் குளூயினோதான் உங்கள் ஆய்வு என்றால் குளூயினோவும் சேர்ந்து ஹட்ரனாக இடம்கொடுக்கிற ஆர்–ஹட்ரன் வசதியைத் திறந்துவிடுங்கள்.

காணாமற்போன சக்தி வரவில்லை

கருவிக்கு அகப்படாத துணிக்கைகள் கொண்டுபோனதுதான் காணாமற்போன சக்தி. அது வராததில் இரண்டு வகை. ஒன்று இயற்பியல், மற்றது கார்டில் உள்ள பிழை. முதலில் இயற்பியலைச் சொல்கிறேன், ஏனென்றால் கூடுதல் ஜெட்டின் முழு அருமையும் இங்கேதான் தெரியும்.

ஸ்டாப் 500 ஜிஇவி, நியூட்ராலினோ 490 ஜிஇவி என்று வையுங்கள். சிதைவில் மிஞ்சுவது பத்து ஜிஇவி. அதில் வருகிற எதுவும் கண்டுணர்கருவியின் எல்லைக்கு மேலே வராது. இரண்டு நியூட்ராலினோவும் எதிரெதிராகப் போவதால் அவற்றின் குறுக்கு உந்தமும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆயிரக்கணக்கில் ஸ்டாப் பிறந்தும் கருவிக்கு எதுவுமே நடக்காத மாதிரித்தான் தோன்றும். ஆரம்பத்தில் ஒரு கடினமான ஜெட் வெளியே பாய்ந்தால் மட்டும் முழுச் சோடியும் எதிர்ப்பக்கம் தள்ளப்படும். அப்போது காணாமற்போன குறுக்கு உந்தம், ஜெட்டின் குறுக்கு உந்தத்தை நியூட்ராலினோவின் திணிவுக்கும் ஸ்டாப்பின் திணிவுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கியதற்குக் கிட்ட வரும். இந்த எடுத்துக்காட்டில் விகிதம் 0.98. முதல் ஜெட் 400 ஜிஇவி என்றால் 390 அளவில் எதிர்பார்க்கலாம்.

ஆகவே இப்படி நெருங்கிய திணிவுகளில் ஜெட் இல்லாத ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு "சமிக்ஞையே இல்லை" என்று முடிவெடுக்க வேண்டாம். உங்கள் விடை முழுதும் அந்த ஒரு ஜெட்டில்தான் தங்கியிருக்கிறது. அதே விகிதத்தைச் சோதனையாகவும் பயன்படுத்துங்கள்: ஒரு ஜெட் நிகழ்வுகளில் இரண்டையும் எதிரெதிர் அச்சில் போட்டுப் பாருங்கள், புள்ளிகள் அந்தக் கோட்டைச் சுற்றி விழ வேண்டும்.

விழவில்லை என்றால் கார்டைப் பாருங்கள். டெல்ஃபிஸ் கார்டில், எந்தத் துணிக்கை கலோரிமானியில் எவ்வளவு சக்தியை விடும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நியூட்ரினோக்களுக்கும் 1000022 முதலிய நியூட்ராலினோக்களுக்கும் பூச்சியம் என்று எழுதியிருக்கும். பட்டியலில் பெயர் இல்லாத துணிக்கையை அது ஹட்ரன் என்று எடுத்து, முழுச் சக்தியையும் கலோரிமானியில் வைத்துவிடும். உங்கள் மாதிரியுருவில் கடைசியில் தப்பிப் போவது கிராவிட்டினோ என்றால், அதன் எண் 1000039. அந்த எண் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் நீங்களே பூச்சியத்துடன் ஒரு வரி சேருங்கள். கண்ணுக்குத் தெரியாத துணிக்கை பெரிய ஜெட்டாக வந்து நிற்பதைப் பார்த்து நான் ஒரு முழு இரவு குழம்பியிருக்கிறேன்.

பிழைச்சட்டங்கள் சுருங்குகின்றன, முட்டுகள் அப்படியே இருக்கின்றன

இது எனக்கு இரண்டு கிழமையைத் தின்றது. ஓர் ஆய்வுகூடத்தில் ஆறு கணினிகள் கிடைத்தன. ஒன்றில் கோப்புறையைச் சரியாக்கி, பென் டிரைவில் மற்ற ஐந்துக்கும் நகலெடுத்து, ஆறிலும் ஒரே நேரத்தில் ஓட்டினேன். ஆறு மடங்கு நிகழ்வு என்று சந்தோஷம். வரைபில் 700 ஜிஇவி அருகே ஒரு சிறு முட்டு. ஆறையும் கூட்டிய பிறகும் அது மறையவில்லை, இன்னும் உறுதியாகத் தெரிந்தது. உண்மையான விளைவு என்று நம்பிவிட்டேன்.

ஆறும் ஒரே நிகழ்வுகள். ரன் கார்டில் விதை எண், அதாவது எழுமாற்று எண்கள் தொடங்குகிற எண், பூச்சியம் என்றால் மேட்கிராஃப் தானே ஓர் எண்ணை எடுத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூட்டிக்கொண்டு போகும். அந்த நினைவு கோப்புறைக்கு உள்ளேதான் இருக்கிறது. கோப்புறையை நகலெடுத்தால் நினைவும் நகலாகும், ஆறு கணினியும் ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்கும். பித்தியாவும் அப்படித்தான். விதை எண்ணை நாமே வைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் 19780503 என்ற ஒரே எண்ணிலிருந்து தொடங்கும்.

எனவே ஒவ்வொரு கணினிக்கும் வேறு விதை எண்ணை இரண்டு கார்டிலும் கையால் எழுதுங்கள். எழுதியதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு நிகழ்வுக் கோப்புகளின் முதல் நிகழ்வைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசித் தசமம் வரை ஒன்றாக இருந்தால் தெரிந்துவிடும்.

ஓட்டம் பாதியில் நிற்கிறது

இரண்டு கூடுதல் ஜெட் என்றால் உபவினைகள் பெருகிவிடும். நம்மிடம் இருக்கிற மடிகணினிகளுக்கு அது பெரிய பாரம். முதலில் பூச்சியமும் ஒன்றும் மட்டும் சேர்த்து ஓட்டி, கார்ட் எல்லாம் சரி என்று உறுதியான பிறகு இரண்டாவதைச் சேருங்கள். நிகழ்வுகளைப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பிரித்து ஓட்டுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில் எனக்கு வந்த பழக்கம் இது. கரண்ட் போனால் ஒரு துண்டுதான் போகும், மற்றவை கையில் இருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பகலில் ஓட்டவும் வேண்டாம். சூட்டில் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரவில் அதே வேலை விரைவாக முடியும்.

எல்லாம் சரி, ஆனால் ஆய்வறிக்கைகளில் உள்ள எண்ணுடன் ஒத்துப்போகவில்லை

வடிவம் ஒத்து, உயரம் மட்டும் குறைந்தால் பயப்பட வேண்டாம். நம் ஓட்டம் முதல் வரிசைக் கணக்கு. அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் மொத்தக் குறுக்குவெட்டை உயர் வரிசைக் கணக்கிலிருந்து எடுக்கின்றன. 13 டிஇவியில், மற்றவை எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கும்போது, 1,000 ஜிஇவி ஸ்டாப் சோடிக்கு அது ஏறக்குறைய 6.8 பெம்டோபார்ன் (குறுக்குவெட்டின் அலகு). 2,000 ஜிஇவி குளூயினோ சோடிக்கு ஏறக்குறைய 1 பெம்டோபார்ன். 2015 முதல் 2018 வரை சேர்ந்த தரவு ஏறக்குறைய 140 தலைகீழ்ப் பெம்டோபார்ன் என்பதால், அந்த ஸ்டாப் சோடி 950 தடவை அளவில் பிறந்திருக்க வேண்டும், குளூயினோ சோடி 140 தடவை. உங்கள் பொருத்திய மாதிரி முழுவதையும் ஒரே எண்ணால் பெருக்கி இந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். பூச்சியம், ஒன்று, இரண்டு மாதிரிகளைத் தனித்தனி எண்ணால் பெருக்கினால் கஷ்டப்பட்டுப் போட்ட தையல் பிரிந்துவிடும்.

வடிவமே ஒத்துப்போகவில்லை என்றால் மேலே போய் இரண்டாவது பிரிவிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

உதவி கேட்கும்போது

திரையைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் அதிகம். அதில் எனக்குத் தேவையான எதுவும் இருக்காது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மேட்கிராஃப் பேனர் என்று ஒரு கோப்பு எழுதி வைக்கிறது. உற்பத்தி வரி, ரன் கார்ட், பராம் கார்ட், விதை எண் எல்லாம் அதற்குள் இருக்கும். சாதாரண எழுத்துக் கோப்பு, கைபேசித் தரவில் அனுப்பினாலும் செலவு தெரியாது. அதையும் ஜெட் வீத வரைபையும் அனுப்பினால் போதும். தங்கச்சி பேனரை அனுப்பியபோது ஸ்குவார்க்கின் அகலம் இருக்கும் வரியைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டது. அவள் இப்போது ஒற்றை டாலர் குறியுடன் திரும்ப ஓட்டியிருக்கிறாள், குறுக்குவெட்டு ஜெட் இல்லாத எண்ணைவிட ஒன்பது சதவீதம் மட்டும் கூட. கியூகட்டை ஏற்றி இறக்கிப் பார்க்கிற வேலை இன்னும் பாக்கி.